புளோவர் சுற்றுகிறது, தீ வரவில்லை

சுங்கை சிப்புட்டில் "இங்கே ஹீட்டர் பழுது பார்க்கப்படும்" என்று போர்டு மாட்டினால் ஊரே சிரிக்கும். மதியம் 33 டிகிரி கொளுத்துகிற ஊர். என் பிழைப்பு ஏர்கோன் கழுவுவது, வாஷிங் மெஷினுக்கு பெல்ட் மாற்றுவது, சுற்றாத மின்விசிறிக்கு கெப்பாசிட்டர் போடுவது. ஆனால் இந்த ஜனவரியில் நான் மண்டையை உடைத்துக்கொண்டது ஆல்பர்ட்டாவில் மைனஸ் 26 டிகிரியில் நிற்கிற ஒரு டிரெய்லர் வீட்டு ஹீட்டரோடு. ஒரு ஸ்குரூவைக்கூட நான் தொடவில்லை. எல்லாம் போனில்.

அக்கா மகன் கிராண்ட் பிரெய்ரி பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே வீட்டு வாடகைக்குப் பயந்து, பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. குளிர்காலத்திலும் கரண்ட் கொடுக்கிற ஒரு முகாமில் நிறுத்தியிருக்கிறான். அலமாரிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதுதான் ஃபர்னஸ். எரிவது புரோப்பேன் கேஸ். சூட்டை வீட்டுக்குள் தள்ளுகிற புளோவர் ஓடுவது 12 வோல்ட்டில். சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தாலும் அந்த 12 வோல்ட் சரியாக வரவில்லை என்றால் விறைத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பிரச்சினை என்னவென்றால், எவ்வளவு சூடு வேண்டும் என்று வைக்கிற தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் புளோவர் சுற்றுகிறது, காற்று வருகிறது, சூடு மட்டும் வரவில்லை. அங்கே ஒரு பட்டறைக்காரர் போனில் விவரம் கேட்டதுமே "போர்டு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டாராம். போர்டு என்றால் ஃபர்னஸின் வேலைகளை வரிசையாக நடத்துகிற எலெக்ட்ரானிக் அட்டை. சில நூறு டாலர், பொருள் வர நாளாகும். பையன் அம்மாவிடம் புலம்ப, அக்கா என்னைக் கூப்பிட்டார். "உனக்குத்தான் பேக்டரியில தீ வேலை பழக்கமாச்சே, என்னன்னு பாருடா."

தீ வேலை என்று அக்கா சொன்னது ரப்பர் பேக்டரி டிரையரை. 1965-இல் மலேசிய ரப்பருக்கு எஸ்எம்ஆர் என்கிற தர முறை வந்த பிறகு, ரப்பரைத் துணுக்குகளாக நறுக்கி, சூடான காற்றில் காயவைத்து, கட்டிகளாக அழுத்துகிற பேக்டரிகள் தோட்டப் பக்கங்களில் எழும்பின. டிரையருக்கு நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எங்கள் பேக்டரியில் அதைக் கொடுத்தது டீசல் பர்னர். பல வருடம் நான் அதோடுதான் கிடந்தேன். (அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.)

பர்னர் எடுத்த எடுப்பில் தீ வைக்காது. முதலில் விசிறி ஓடும். உள்ளே தங்கியிருக்கிற ஆவியையும் புகையையும் வெளியே தள்ளும். அப்புறம்தான் பொறியும் எண்ணெயும். தீ பிடித்ததா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு சிவப்பு பட்டன் எரியும். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் அந்தப் பட்டனையே அமுக்கிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் போர்மேன் கையைத் தட்டிவிட்டு, "எந்த இடத்துல நிக்குதுன்னு பாரு. அதுக்கு முந்தின ஆளைப் பிடி" என்பார்.

டிரெய்லர் ஃபர்னஸும் அதே சாதிதான், உருவம்தான் சின்னது. தெர்மோஸ்டாட் சூடு கேட்கும், புளோவர் ஓடும். காற்று வேண்டிய வேகத்துக்கு வந்ததும் உள்ளே ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளும்; தகடு சாய்ந்தால் அதன் அடியில் இருக்கிற சின்ன சுவிட்ச் மூடும், அதாவது கரண்ட் இணையும். செயில் சுவிட்ச் என்று பெயர். அது மூடினால்தான் போர்டு அடுத்த வேலைக்கே போகும்: ஏறக்குறைய 15 விநாடி காற்றோட விட்டு, கேஸ் வால்வைத் திறந்து, டிக் டிக் டிக் என்று பொறி விடும். தீ பிடிக்கவில்லை என்றால் பல மாடல்கள் மூன்று தடவை முயன்றுவிட்டு அடங்கிவிடும்.

அதனால் நான் முதலில் கேட்டது இதுதான். "டிக் டிக்னு சத்தம் வருதா ஐயா?"

"புளோவர் சத்தத்துல ஒண்ணும் தெரியல மாமா."

"டிவியை அணைச்சிட்டு, போனை அந்தப் பெட்டிகிட்ட வை."

எங்களுக்குள் 15 மணி நேர வித்தியாசம். இங்கே காலை பத்து என்றால் அங்கே முந்தின நாள் இரவு ஏழு. அக்கா வீட்டில் பசியாறிக்கொண்டிருந்த தோசையைத் தள்ளி வைத்துவிட்டு, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த சத்தத்தைக் காதில் ஒட்டிக் கேட்டேன். டிக் டிக் இல்லவே இல்லை. அதோடு அந்த புளோவர் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. மேடு ஏறும் பழைய லோரி மாதிரி முனகிக்கொண்டு, ஏற வேண்டிய வேகத்துக்கு ஏறாமலே சுற்றியது.

டிக் டிக் வரவில்லை என்றால் போர்டு பற்றவைக்க ஆரம்பிக்கவே இல்லை. போர்டு கெட்டும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் செயில் சுவிட்ச், சூடு அதிகமானால் அறுத்துவிடும் லிமிட் சுவிட்ச், வயர், வோல்டேஜ் என்று இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, எல்லாரையும் தாண்டிப் போய் விலை அதிகமான ஆளை முதலில் பிடிப்பது என்ன நியாயம்? போனிலேயே போர்டு விற்கிற பட்டறைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இங்கேயும் ஏர்கோனுக்கு அதே பாட்டுதான்.

இருந்தாலும் கேஸையும் விசாரித்துவிட்டோம். அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னேன். நீலமாக, நிலையாக எரிந்தது. கேஸ் வருகிறது, சரி. இந்த இடத்தில் ஒரு விஷயம். நம் வீட்டு 14 கிலோ சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆவியாகாமல் திரவமாக உட்கார்ந்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். அதனால்தான் குளிர் நாடுகளில் புரோப்பேனையே நிரப்புகிறார்கள். நம் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே மாட்டினால் பாதி கேஸ் உள்ளேயே தங்கிவிடும்.

வெளியே போய் புகைபோக்கி வாயையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். கோடையில் குளவி அதில் மண் வைத்துக் கூடு கட்டிவிட்டுப் போயிருக்கும். குளிரில்தான் அது தெரியவரும். கூடு இல்லை. பனியும் அடைக்கவில்லை. பையன் திரும்பி உள்ளே வந்தபோது மீசையில் வெள்ளை படிந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

அழுகையோடு ஒரு யோசனையும் வந்தது. "அந்த அடுப்பைத்தான் எரிய விட்டுட்டுத் தூங்கேன்டா கண்ணு." நான் அன்றைக்குக் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். மூடின இடத்தில் அடுப்பு எரிந்தால் அது உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்னும். கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். ஃபர்னஸ் அப்படி இல்லை. அது எரிகிற அறை தனியாக மூடியிருக்கும், காற்றை வெளியிலிருந்து இழுத்து புகையை வெளியிலேயே விடும். அடுப்பு சமைக்க மட்டும்தான். கேமரன் மலைக்குப் போய், பிரிஞ்சாங் குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் ஏற்றி வைக்கிற நம் ஆட்களுக்கும் இதையே சொல்கிறேன். "மோனாக்சைடு அலாரம் இருக்கா, பட்டனை அமுக்கு" என்றேன். கத்தியது. அதற்கப்புறம்தான் மேற்கொண்டு பேசினேன்.

நல்லவேளை அவனிடம் 1500 வாட் கரண்ட் ஹீட்டர் ஒன்று இருந்தது. ஆள் பிழைத்துக்கொள்வான். ஆனால் அவன் டிரெய்லரில் ஃபர்னஸ் சூட்டில் ஒரு பங்கு குழாய் வழியாகத் தரைக்கு அடியிலும் போகிறது; தண்ணீர்த் தொட்டியும் பைப்பும் உறையாமல் இருப்பது அதனால்தான். கரண்ட் ஹீட்டர் மேலே இருக்கிற ஆளைத்தான் காக்கும். அடியில் பைப் வெடித்தால் போர்டு விலையெல்லாம் ஒரு விலையே இல்லை. ஆகவே அன்றைக்கே முடித்தாக வேண்டும்.

முனகுகிற புளோவர் என்றால் வோல்டேஜ். பையனிடம் மல்டிமீட்டர் இருந்தது, எப்போதோ சலுகை விலையில் வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருந்தான். பேட்டரியில் வைத்தான்: 13.2. முகாம் கரண்ட்டில் சார்ஜர் ஓடுவதால் அது சரியான எண். "அப்போ வோல்டேஜ் நல்லாத்தானே இருக்கு மாமா" என்றான். இங்கேதான் பலர் மீட்டரை மடித்து வைத்துவிட்டுப் போர்டு வாங்கக் கிளம்புவார்கள். நான் புளோவரை ஓட விட்டு, ஃபர்னஸ் பெட்டிக்குள் நுழைகிற இரண்டு வயரில் வைக்கச் சொன்னேன். 10.4.

பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வருவதற்குள் 2.8 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. பத்தரை வோல்ட்டுக்கும் கீழே புளோவர் சுற்றும், ஆனால் தகட்டைச் சாய்க்கிற வேகம் வராது; முழு வேகத்தில் முக்கால்வாசியாவது வேண்டும். தகடு சாயாமல் சுவிட்ச் மூடாது, சுவிட்ச் மூடாமல் போர்டு அசையாது. போர்டு தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது.

எங்கே காணாமல் போகிறது என்பதையும் அதே மீட்டர் சொல்லும். புளோவர் ஓடும்போதே ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஃபர்னஸ் மைனஸ் வயரிலும் வைத்தால், நல்ல வயரில் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் காட்டும். இங்கே 2.5 காட்டியது. பிளஸ் பக்கம் குற்றம் இல்லை, எல்லாம் மைனஸ் பக்கம். பையன் கட்டிலைத் தூக்கி, அந்த வயர் போகிற வழியே விரலை வைத்துக்கொண்டு போனான். இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கிய இடத்துக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"சுடுது மாமா!"

அந்த வீட்டிலேயே சூடாக இருந்தது அந்த போல்ட் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 7 ஆம்பியர் ஓட்டத்தில் 2.5 வோல்ட் விழுந்தால் 17 வாட்டுக்கு மேல் அந்தச் சின்ன இடத்தில் சூடாகப் போகிறது. போனை அருகில் கொண்டுபோய்க் காட்டினான். செம்பு வளையத்தில் பச்சை பூத்து, அதன் அடியில் சட்டத்து இரும்பு துருவாகப் பொருக்குத் தட்டி, நடுவில் வயரின் பிளாஸ்டிக் உறை பழுப்பாகச் சுருண்டிருந்தது. போர்டை மாற்றியிருந்தால் புதுப் போர்டும் இதே பத்தரை வோல்ட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

முகாம் கரண்ட்டைப் பிடுங்கி, பேட்டரி மைனஸையும் கழற்றச் சொன்னேன். அப்புறம் போல்ட்டை எடுத்து, வளையத்தையும் சட்டத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்து, உள்ளே ஒரு நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினான். விரல் விறைத்துப்போய் வாஷரை இரண்டு தடவை கீழே போட்டுத் தேடினான். மறுபடி மீட்டர்: பெட்டியில் 12.7.

தெர்மோஸ்டாட்டை ஏற்றினான். புளோவர் சத்தம் இந்தத் தடவை தெளிவாக மேலே ஏறியது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்து தாண்டியதும் டிக் டிக், உடனே புஸ்ஸென்று பிடித்துக்கொண்டது. அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்து அல்ல.

அத்தோடு முடியவில்லை. கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தீ அணைந்தது, புளோவர் மட்டும் ஓடியது. பையன் முகம் வாடிவிட்டது. எனக்கு இது முதல் பிரச்சினையைவிட எளிதாகத் தெரிந்தது. எரிந்து, சூடாகி, பிறகு அணைகிறது என்றால் லிமிட் சுவிட்ச். பெட்டிக்குள் சூடு தேங்குகிறது. "ஃபர்னஸுக்குக் காத்து போற ஜன்னல் எங்கே இருக்கு?" என்று கேட்டேன். கேமராவைத் திருப்பினான். ஈரம் காய்வதற்காகப் பனி பூட்ஸ் ரெண்டு ஜோடி, ஒரு ஜாக்கெட், எல்லாம் அந்தக் கம்பித் தட்டியில் சாய்ந்திருந்தன. சூடு படுக்கைக்கே வரட்டும் என்று மற்ற அறைக் காற்று வாய்களையும் மூடி வைத்திருந்தான். பூட்ஸை நகர்த்தி, வாய்களைத் திறந்த பிறகு ஒழுங்காக எரிந்து, சூடு போதுமானதும் தானாக நின்றது.

இணையத்தில் யாரோ "செயில் சுவிட்ச்சை ஒரு வயரால் கட்டிவிட்டால் எரியும்" என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எரியும்தான். புளோவர் நின்றுபோனாலும் எரியும், அதுதான் பயம். சோதனைக்காக, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு நிமிடம் செய்யலாம். கட்டிவிட்டுத் தூங்குவது கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பழுப்பான அந்த வயர் முனையை வெட்டிவிட்டுப் புது வளையம் அடிக்கவும், மேலே கிரீஸ் பூசவும் சொல்லியிருக்கிறேன். வார இறுதியில் செய்வானாம்.

இப்போது அவன் பக்கத்து டிரெய்லர்காரருக்கும் ஹீட்டர் வேலை செய்யவில்லையாம். "மாமாகிட்ட கேளு" என்கிறாராம். அவருக்கு டிக் டிக் வருகிறது, தீ பிடிக்கவில்லை. அடுப்பும் மந்தமாக எரிகிறதாம். அப்படியென்றால் கேஸ் பக்கம்தான். ரெகுலேட்டரில் ஈரம் புகுந்து உறைந்திருக்கலாம். கேஸ் அழுத்தம் 11 அங்குல உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குகிற அளவு இருக்க வேண்டும், அளக்கிற மீட்டர் அந்த ஊர்க் கேஸ்காரரிடம் இருக்கும். முதலில் ரெகுலேட்டரின் மூச்சுத் துளை கீழே பார்த்திருக்கிறதா, பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துப் படம் அனுப்பச் சொன்னேன். நெருப்பு காட்டி உருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். படம் இன்னும் வரவில்லை. அங்கே இப்போது நடு ராத்திரி.