நன்னியின் 28 சென்ட்

அத்தா (அப்பா) மௌத்தாகி, அதாவது இறந்து, நாற்பது நாள்கூட ஆகவில்லை, எங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரமான ஒழிமுறி ஆதாரத்தின் நகல் வீட்டுக்கு வந்துவிட்டது. அக்கா, நான், தங்கை, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, இனி என்ன இருக்கு உங்களுக்கு?" என்று உறவில் மூத்தவர் ஒருவர் சொன்னார். அக்கா பேனாவைக் கையில் எடுத்தேவிட்டாள். நான்தான் தடுத்தேன்.

கேரளத்தில் பாலக்காடு பக்கத்துப் புதுநகரத்தில் எங்களைப் போன்ற ராவுத்தர் குடும்பங்களுக்கு வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். அதனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பெண்கள் யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. நான் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன், மலையாளமும் வாசிப்பேன். "சகல உரிமைகளையும் முழு மனதோடு ஒழிந்து கொடுக்கிறோம்" என்ற பொருளில் எழுதியிருந்தது. எவ்வளவு பங்கு என்று எங்கேயும் இல்லை. எவ்வளவு என்றே தெரியாத ஒன்றை எப்படி முழு மனதோடு கொடுப்பது?

மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கு வரச் சொன்னோம். கபன் (அடக்கத் துணி) செலவு, கடன், வஸிய்யத் (உயில்), இந்த மூன்றும் கழிந்த பிறகுதான் பங்கு என்று ஆரம்பித்தார். கடன் என்றால் பாங்க் கடன் மட்டும் இல்லை. அம்மாவின் மஹர் (மணக்கொடை) மூன்று பவுன் கொடுபடாமலே கிடந்தது, அதுவும் அத்தாவின் கடன்தான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "நான் கொடுத்துடறேன்" என்றான். வஸிய்யத் எதுவும் அத்தா எழுதவில்லை. எழுதியிருந்தாலும், வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசில் ஒருவருக்கென்று எழுதினாலும் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். எங்களுக்குப் போட்ட நகை, அத்தா உயிரோடு இருக்கும்போதே கொடுத்த ஹிபா, அதாவது அன்பளிப்பு. அதைப் பங்கில் கழிக்க முடியாது என்று ஹஜ்ரத் சொன்னதும், அந்த மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஹஜ்ரத் கேட்டதை நாங்கள் யாருமே நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"மையத்தோட அம்மா இருக்காங்களா?"

இருந்தார். திண்ணைக் கட்டிலில் படுத்திருந்தார் நன்னி, அத்தாவைப் பெற்ற தாய், வயது 84. ஒழிமுறியில் அவர் பெயரே இல்லை, பெருக்கல் குறிகூட இல்லை.

கணக்கை நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, பெற்ற தாய்க்கு ஆறில் ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக 24 என்று வைத்தால் அம்மாவுக்கு 3, நன்னிக்கு 4, மீதி 17. அந்த மீதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில். ஆண் இரண்டு பேர், பெண் மூன்று பேர், ஆக ஏழு கூறு. 17 ஏழால் வகுபடாது, அதனால் 24-ஐ ஏழால் பெருக்க வேண்டும். வந்த எண் 168. எங்கள் தோட்டமும் வயலும் சேர்ந்து ஒரு ஏக்கர் 68 சென்ட். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. நன்னிக்கு 28, அம்மாவுக்கு 21, அண்ணன் தம்பிக்கு 34 வீதம், எங்கள் மூவருக்கும் 17 வீதம். ஒரு சென்ட் மிச்சமில்லை.

சட்டப் பிரிவில் (மத்ஹப்) நாங்கள் ஹனஃபி, அக்கம்பக்கத்து மலையாள முஸ்லிம்களான மாப்பிளைமார் ஷாஃபி. ஆனாலும் இந்தப் பங்குகள் இரண்டு மத்ஹபிலும் ஒன்றுதான், குர்ஆனின் நிஸா அத்தியாயம் 11, 12 வசனங்களில் நேராகவே இருப்பவை. உஹதுப் போரில் ஷஹீதான (உயிர்த்தியாகம் செய்த) நபித்தோழர் ஸஅத் இப்னு ரபீஃ அவர்களின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். மனைவி இரண்டு பெண் குழந்தைகளோடு நபியவர்களிடம் வந்து முறையிட்டார். வசனம் இறங்கியதும் நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண் குழந்தைகளுக்கு மூன்றில் இரண்டும் அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடு, மீதி உனக்கு என்றார்கள். பெண்களுக்குச் சேர வேண்டியது முதலில், மிச்சம்தான் சகோதரருக்கு. எங்கள் ஊரில் அது அப்படியே தலைகீழாக நடக்கிறது.

ஆணுக்கு ஏன் இரண்டு என்று என் வகுப்புப் பெண்பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். மஹர் கொடுப்பதும் வீட்டுச் செலவைச் சுமப்பதும் அவன் பொறுப்பு, மனைவியின் பணத்தில் அவனுக்கு உரிமை இல்லை என்பதுதான் காரணம். நான் அதை நம்புகிறேன். ஆனால் இரண்டு பங்கு வாங்கியவன் அந்தப் பொறுப்பைச் சுமக்காவிட்டால் அவனை யார் கேட்பது? இந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை.

அந்த மூத்தவர் மறுபடி வந்தார். "வயலுக்கு ஷரீஅத் சட்டம் பொருந்தாது" என்றார். பாதி உண்மை. 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது நிஜம். 1949-இல் மதராஸ் அரசு அந்த விலக்கை எடுத்துவிட்டது. அப்போது பாலக்காடு மலபார் ஜில்லாவில், மதராஸுக்குக் கீழேதான் இருந்தது. பிறகு 1963-இல் கேரளம் மொத்த மாநிலத்துக்கும் திருத்தம் கொண்டுவந்தது. பத்திரம் எழுதுகிறவரும் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் அந்த மூத்தவர் அடங்கினார்.

சர்வேயர் வந்து அளந்து, பாகப்பத்திரம் பதிவாகி, போக்குவரவும் (பட்டா மாற்றம்) முடிந்தது. கரம் (நிலவரி) கட்டிய ரசீது ஆளுக்கு ஒன்று. அதற்கப்புறம் தங்கை தன் 17 சென்ட்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தாள், அவனுக்கு வீடு கட்ட இடமில்லை. அவள் கையில் வந்ததை அவளே கொடுத்தாள். அன்று நான் மறுபேச்சு பேசவில்லை.

நன்னிக்கு ஒரு கவலை. அவருக்குப் பிறகு அந்த 28 சென்ட் அவருடைய இளைய மகனான சின்னத்தாவுக்கும் மகளான மாமிக்கும் போகும். மகன் உயிரோடு இருக்கும்போது, முன்பே இறந்த மகனின் பிள்ளைகளான எங்களுக்கு நன்னியிடமிருந்து வாரிசுப் பங்கு வராது. "மூணுல ஒண்ணுவரை வஸிய்யத் எழுதலாம், அதுக்கு யார் சம்மதமும் வேண்டாம்" என்றார் ஹஜ்ரத். நன்னி என்னைப் பார்த்து, "மூணுல ஒண்ணுன்னா எத்தனை?" என்று கேட்டார். ஒன்பதே கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட என்றேன்.

"இடத்த முதல்ல நான் பாக்கணும்" என்றார்.

ஆட்டோவில் கூட்டிப் போனோம். அளவுக் கல்லைத் தடியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கிணற்றோரப் புளியமரம் கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார். இந்தப் பக்கம்தான் என்றான் தம்பி. ரசீதை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அஸர் (பின்மதியத் தொழுகை) பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்கவே இல்லை.