காற்றை முதுகில் வாங்கி: மரக்காணம் முதல் தனுஷ்கோடி வரை சைக்கிளில்

ஜனவரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி மிதிப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிடும், காற்று ஓயாது. முதுகில் கை வைத்து யாரோ தள்ளுவது போல அது கூடவே வரும். வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகளும் அப்போது இந்தக் கரையில்தான் இருக்கும். அதனால் பொங்கல் முடிந்த கையோடு நானும் நண்பரும் மரக்காணத்திலிருந்து கிளம்பினோம்.

சைக்கிள்காரர்கள் வழக்கமாக விடியும் முன்பே கிளம்பி, வெயிலுக்கு முன் தூரத்தைக் கடந்துவிடுவார்கள். நாங்கள் அதை மாற்றிக்கொண்டோம். காலையும் மாலையும் பறவைகளுக்கு, நடுப்பகல் சாலைக்கு. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்றும் பேசிவைத்திருந்தோம். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இதுதான் சரியான கணக்கு என்று இப்போதும் நினைக்கிறேன்.

மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமானது, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால் முதல் நாள் காலை முழுவதும் எங்களைப் பிடித்துவைத்தது பக்கத்திலிருந்த உப்பளம்தான். பாத்திக்குப் பாத்தி ஆழம் வேறு. உள்ளான் என்னும் கரைப்பறவைகள்தான் எங்கும்: நீர் கொஞ்சம் நின்ற இடத்தில் பவளக்கால் உள்ளான்கள், சேறு மட்டும் பளபளத்த ஓரங்களில் கொசு உள்ளான்கள். கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம்தான். ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. நாலடி ஓடும், சேற்றில் மூன்று நான்கு குத்து குத்தும், மறுபடி ஓடும். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் நம்மை மறந்துவிட்டு மிக அருகில் வந்து மேயும். காரில் வந்து கதவைத் திறந்து இறங்குகிறவர்களுக்கு இது கிடைக்காது.

கூடாரம் போடுவதில் மணல்தான் சவால். வழக்கமான முளைகள் கடற்கரை மணலில் நிற்காது. சின்னத் துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டால் இரவுக் காற்றுக்கும் அசையாது. எந்த ஊரிலும் கேட்காமல் போடவில்லை. தரங்கம்பாடியைத் தாண்டி ஒரு மீனவர் கிராமத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டோம். "அடம்பங்கொடி படர்ந்திருக்கு பாருங்க தம்பி, அதுக்கு மேலே போடுங்க. தண்ணி அங்கே ஏறாது" என்றார். ஊதாப்பூ பூத்துக் கிடந்த அந்தக் கொடியை அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் தேடினோம். நல்ல தண்ணீர் பிடிக்க அடிபம்பையும் அவரே காட்டினார். உப்புக்காற்று படிந்த சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட்ட பிறகுதான் தினமும் தூக்கம்.

பிச்சாவரம் அலையாத்திக் காடு, பூம்புகார், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் வேகமாகக் கடந்தன. மனம் முழுக்கக் கோடியக்கரையில் இருந்தது.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பெடுத்த இடம். நினைவுத் தூண் இருக்கிறது, சுற்றிலும் இன்றும் உப்பளங்கள். அப்புறம் காடு தொடங்குகிறது. 1967இல் முக்கியமாக வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. 2002இலேயே ராம்சார் தகுதியும் பெற்றுவிட்டது. உள்ளே கூடாரத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. வனத்துறையிடம் அனுமதி வாங்கி விடியலில் சதுப்புப் பக்கம் போனோம்.

பூநாரைகளை (ஃபிளமிங்கோ) கண்ணால் பார்க்கும் முன் காது கேட்டுவிட்டது. கரகரவென்று விடாத முணுமுணுப்பு. தொலைநோக்கியில் பார்த்தால், ஒவ்வொன்றும் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்து, கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கி, அலகால் சலித்துத் தின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நின்றவை இளசுகள். உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமிதான் போகப்போக அவற்றை இளஞ்சிவப்பாக்கும். காற்று திரும்பியதும் ஆழமற்ற அந்த நீர் மெல்ல நகர்ந்தது, கூட்டமும் பின்னாலேயே நகர்ந்தது. ஒரு பகல் முழுவதும் அங்கேயே போனது, ஒரு கிலோமீட்டர்கூடச் சைக்கிள் மிதிக்கவில்லை.

முத்துப்பேட்டைக்கு மேல் கரை தென்மேற்காக வளைகிறது. காற்று இன்னும் நம் பக்கம்தான். எதிரி சீமைக்கருவேல முள். தார்ச்சாலையை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் டயரைத் தடவிப் பார்த்து, முள் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். மல்லிப்பட்டினம் அருகே தஞ்சை சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தின் நிழலில் மதியம் படுத்தெழுந்தோம். எதிரே பாக் விரிகுடாவில்தான் 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுக் காப்பகம். மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று ஊர்கள் ஓடின.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் காற்று பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கியது. மூட்டை கட்டிய சைக்கிள் ஆடியதால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். தனுஷ்கோடிச் சாலையிலும் அதே பக்கக்காற்று. 1964 புயல் விட்டுவைத்த சுவர்களைத் தாண்டி, காயல் ஓரத்தில் மறுபடி பூநாரைகள். இந்தப் பகுதி 2025 ஜூனில் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது எனக்கு மிகவும் சந்தோஷம். அரிச்சல்முனை மணல்திட்டில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் கொண்டை ஆலாக்களும் அலகைக் காற்றுக்கு நேரே வைத்து ஓய்ந்திருந்தன. படம் எடுப்பதற்காகச் சிலர் அவற்றைத் துரத்திப் பறக்கவிட்டார்கள். பார்க்கவே வேதனையாக இருந்தது. திரும்பும் பயணத்துக்காகக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பறவைகள், இப்படி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அதைச் செலவழிக்கின்றன. தயவுசெய்து தள்ளி நின்று பாருங்கள்.

போக நினைப்பவர்கள் பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். மார்ச் பாதியில் காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கும், உள்ளான்களும் வடக்கே கிளம்ப ஆரம்பித்துவிடும்.