அண்டியாபீஸில் ஒத்திகை

ஜூன் 5

மழை பிடித்துவிட்டது. ஊருக்கு எப்படியோ, ஊர் ஆட்களை வைத்து நடனம் உருவாக்குகிற எனக்கு நல்ல சேதி. மழையில் பால்வெட்டு நின்றால் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் கிடைப்பார், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் குளச்சல் பக்கமிருந்து இன்னொருவர் கிடைப்பார். மற்றவர்கள் வேலையில்லாமல் இருக்கும் இரண்டு மாதம்தான் என் சீசன்.

இடம் கருங்கல் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு அண்டியாபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலை. நீளமான ஷெட், நடுவில் தூண் இல்லை, வாடகை பேருக்குத்தான். தரைதான் சிமெண்ட். ஆடுகிற தளம் என்றால் அடியில் மரச்சட்டம் கொடுத்து கொஞ்சம் அமுங்கும்படி போட்டிருக்க வேண்டும். சிமெண்டில் குதித்தால் அந்த அடி நேராக முட்டுக்கும் முதுகுக்கும் போகும். ஆகவே இந்தப் படைப்பில் யாரும் குதிக்கப் போவதில்லை. இதையே நாளைக்கு யாராவது என் தனி பாணி என்று எழுதுவார்கள், பாருங்கள்.

ஜூன் 9

முதல் நாள். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற இளம் டான்சர்கள் இரண்டு பேர், குளச்சல் அண்ணன், பால்வெட்டுகிற தம்பி, இதே ஷெட்டில் பல வருஷம் அண்டி தல்லிய, அதாவது முந்திரிக்கொட்டை உடைத்த, அக்கா. அக்கா உள்ளே வந்ததும், தான் உட்கார்ந்து வேலை செய்த இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். "ஆட்டம் எப்ப பிள்ளே படிச்சுத் தருவ?" என்று கேட்டார். நான் படித்துத் தரவில்லை, கேள்வி கேட்டேன்.

இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் பினா பாஷ் 1973-இல் வுப்பர்டால் நகர நடனக் குழுவின் பொறுப்புக்கு வந்தார். 70-களின் கடைசியிலிருந்து ஸ்டெப் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு ஆட்டக்காரர்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவர்கள் பேசியோ, ஆடியோ, சும்மா ஒரு செயலாகவோ பதில் சொல்வார்கள். பெரும்பாலான பதில்கள் மேடைக்கு வராது. மிஞ்சியதை எங்கே வைப்பது, எதன் பக்கத்தில் வைப்பது என்பதுதான் கோரியோகிராஃபரின் வேலை. 'கான்டாக்ட்ஹோஃப்' என்ற அவருடைய 1978-ஆம் வருஷப் படைப்பை 2000-இல் 65 வயது தாண்டிய, மேடையே ஏறாத சாதாரண ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தார். அக்காவிடம் இதைச் சொன்னதும் முகம் தெளிந்தது. "எனக்கு அவ்வளவு ஆவல்லியே" என்றார்.

ஜூன் 12

இன்றைய கேள்வி: எதைத் தொட முடியாமல் இருந்தீர்கள்?

டான்சர்கள் இருவரும் காதலைப் பற்றி ஏதோ செய்தார்கள். அழகாகத்தான் இருந்தது, வேண்டாம். அக்கா மட்டும் "எம் மூஞ்சியத்தான்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அண்டித் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பல் தடவிக்கொண்டு கட்டையால் தட்டித் தட்டிப் பருப்பை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கையோடு கன்னம் அரித்தால் என்ன செய்வது? காட்டினார். பத்து விரலையும் விரித்து முன்னால் நீட்டியபடியே தோளைத் தூக்கி அதில் கன்னத்தைத் தேய்த்தார், நெற்றியில் விழுந்த முடியை முழங்கையின் மேல்பக்கத்தால் ஒதுக்கினார், ஈ வந்தபோது கீழுதட்டை மடக்கி மேலே ஊதினார், அந்த நேரமெல்லாம் கைகள் அவருடையவை இல்லை என்பதுபோல அப்படியே நின்றன. பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு சாயா எங்கே என்று கேட்டார். இந்த ஒரு நிமிஷம் உள்ளே வந்தாயிற்று, இனி யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.

ஜூன் 20

ஒத்திகை இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் விழாவுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கப் போனேன். மாதச் செலவு ஓடுவது இதிலும் கல்யாண ரிசப்ஷன்களில் மாப்பிள்ளை பெண் என்ட்ரி ஆடப் பழக்குவதிலும்தான். கண்டெம்பரரி டான்சர் என்று சொல்லிக்கொள்கிற நிறையப் பேருடைய பிழைப்பு இதுதான், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். போன வருஷம் ஒரு விழாக்காரர்கள் ஆட வைத்துவிட்டு இன்னும் பஸ் காசு தரவில்லை. சவத்தைக் களை.

ஜூன் 24

கரமடி, கரையிலிருந்து இழுக்கிற வலை. அண்ணன் சின்ன வயசில் கரையில் நின்று இழுத்தவர். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, தள்ளித் தள்ளி இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். பின்பக்கமாக நடந்தே இழுக்க வேண்டும். கடைசியில் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய்த் தண்ணீரோரம் மறுபடி பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகரும். யாரும் கம்போஸ் பண்ணாத எவ்வளவு நல்ல கம்போசிஷன்!

டான்சர்கள் அதைக் கயிறில்லாமல் செய்தார்கள். உடனே பள்ளிக்கூட மேடையில் வருகிற மீனவர் நடனமாகிவிட்டது, ஒரு துண்டைத் தலையில் கட்டவில்லை, அதுதான் குறை. அண்ணன் சிரித்துவிட்டு மறுநாள் கயிறு கொண்டுவருகிறேன் என்றார்.

ஜூன் 25

கயிறு வந்தது. ஓரத்துத் தூணில் கட்டி இழுத்தால் சரிவரவில்லை, தூண் விட்டுக்கொடுக்காது, கடல் கொஞ்சம் கொடுத்துக் கொஞ்சம் வாங்கும். மறுமுனையை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் பால்வெட்டுத் தம்பியையும் அவன் கூட்டாளிகளையும் பிடிக்கச் சொன்னேன், பார்ப்பவர்களுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். அவ்வளவுதான், டான்சர்களின் முதுகே மாறிவிட்டது. குதிகால் தரையைத் தேடுகிறது, கழுத்து நடிப்பதை நிறுத்திவிட்டது, மூச்சு தானாகச் சத்தமாக வருகிறது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாஷ் 1975-இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இசைக்குச் செய்த நடனத்தில் மேடை முழுக்க மண்ணைக் கொட்டினார். கால் புதையும், வேர்வையில் மண் ஒட்டும், கடைசியில் தெரிகிற களைப்பு நிஜமான களைப்பு. வீடியோவில் முதலில் பார்த்தபோது அது காட்சிக்காக என்று நினைத்தேன். உடம்புக்கு ஒரு தடையைக் கொடுத்துவிட்டால் பாவனைக்கு நேரமிருக்காது என்று கயிற்றைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது.

ஜூலை 8

இடது முட்டில் வலி. வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் போனேன். உடம்பில் வர்மப் புள்ளிகள் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணெய் போடுகிறபோதெல்லாம் ஒருமுறை சொல்லிவிடுவார். "இனி மண்டி போட்டு ஆட வேண்டாம் மக்கா" என்றார். சின்ன வயசில் இவரிடம்தான் அடிமுறை என்கிற தற்காப்புக் கலையில் கொஞ்சம் சுவடு படித்தேன், அரைமண்டியில் இடுப்பை எங்கே வைப்பது என்று எனக்குப் புரிந்தது பரதநாட்டிய வகுப்பில் இல்லை, இவருடைய களரியில், பயிற்சிக் களத்தில்தான். நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதத்தையும் களரிப்பயிற்றையும் ஒரே மேடையில் வைத்தார் என்று சென்னையில் ஆடிக்கொண்டிருந்தபோது கேள்விப்பட்டதும் எனக்கு ஆச்சரியமே இல்லை, தக்கலைக்காரிக்கு அது வீட்டு விஷயம்.

முழங்காலைப் பற்றி வருத்தமிருக்கிறது, மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஆடாமல் உட்கார்ந்து பார்ப்பதில் வேறு ஒரு ருசி இருக்கிறது.

ஜூலை 17

முழு ஓட்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, வெட்ட வேண்டும். கயிறு வந்த பிறகு என் தனி ஆட்டம் வெறும் அலங்காரமாகத் தெரிகிறது, அதைத்தான் முதலில் எடுத்தேன். டான்சர்களுக்கும் அக்காவின் கையை வெறுமனே காப்பியடிக்க வராததால், விளக்கெண்ணெயும் சாம்பலும் குழைத்துப் பூசிவிட்டேன், வெள்ளைச் சட்டை போடச் சொன்னேன். இப்போது எதையும் தொடப் பயப்படுகிறார்கள், சரியாக வருகிறது.

ஜூலை 28

நேற்று ஷெட்டிலேயே காட்சி. பிளாஸ்டிக் நாற்காலி பத்தாமல் பாதிப் பேர் நின்றார்கள். அக்கா தோளில் கன்னத்தைத் தேய்த்ததும் பின்னாலிருந்த பழைய அண்டியாபீஸ் பெண்கள் ஓவென்று சிரித்தார்கள், முன்வரிசையில் இருந்த நகரத்து நண்பர்கள் எதற்குச் சிரிப்பு என்று திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு பாட்டி வந்து டான்சர் பையனின் கையைப் பிடித்துப் பார்த்து, "சாம்பல் பத்தாது மோனே, நெகத்துக்க அடியிலயும் போடணும்" என்றார்.

மாதக் கடைசியில் தடை முடிகிறது, அண்ணன் கடலுக்குப் போய்விடுவார். ஆகஸ்டில் மார்த்தாண்டத்தில் இன்னொரு காட்சிக்குக் கேட்கிறார்கள். பதிலுக்கு அண்ணன் தன் மச்சானை அனுப்புவதாகச் சொல்கிறார்; மச்சான் ஜென்மத்தில் வலை இழுத்ததில்லை, டெம்போ ஓட்டுகிறவர். சரி, வரட்டும். டெம்போ ஓட்டுகிற உடம்பிடம் என்ன கேட்கலாம் என்று இரண்டு நாளாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.