இடக்கைக்கு ஒரு டேப்லெட்

2025 ஜூன் 4, புதன்

மனைவியின் இடக்கைக் கட்டைப் பிரிக்க இன்னும் 26 நாள்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு டேப்லெட்டை வாங்கி, அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்து, அன்று மேசைமேல் வைத்துவிட வேண்டும் என்று காலையில் பல் துலக்கும்போது முடிவு செய்தேன். இனிமேல் அவள் தாள்கட்டைத் தூக்கக் கூடாது. 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராம். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட 400 பக்க மெய்ப்பு (அவள் பிழை திருத்தும் அச்சுப்படி) என்றால் 2 கிலோ. இத்தனை ஆண்டுகளாக அதை இடக்கையால் தூக்கி, இடக்கையால் புரட்டி, இடக்கையாலேயே திருத்தியிருக்கிறாள். இந்தக் கணக்கை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

ஜூன் 5, வியாழன்

எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டாள். டேப்லெட் விசாரிக்க என்றேன். இன்னும் நான்கு நாள்களுக்கு இருக்கிறதே என்று மருந்துப் பெட்டியைக் காட்டினாள். பொய் சொல்லாமலே தப்பித்தேன்.

ஜூன் 7, சனி

கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். காட்சிக்கு வைத்திருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் கம்பியால் மேசையோடு பிணைத்திருக்கிறார்கள். திருட்டுக்கு அஞ்சி அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் நான் முதன்மையாக அறிய விரும்பியது எடையை. தூக்கினால் கம்பி பின்னாலிருந்து இழுக்கிறது. எத்தனை கிராம் கருவி, எத்தனை கிராம் கம்பி என்று கைக்குத் தெரியவில்லை.

இடக்கையால் எழுதிப் பார்த்தேன். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. விற்பனையாளர் கண்ணியமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இருந்தாலும் ஒன்று விளங்கியது. இடமிருந்து வலமாக எழுதும்போது இடக்கைப் பழக்கம் உள்ளவரின் உள்ளங்கை, எழுதி முடித்த இடத்தின்மேலேயே நகர்ந்து செல்கிறது. காகிதத்தில் மை இழுபடும். திரையில், கருவி அந்தக் கையைத் தொடுகை என்று எடுத்துக்கொண்டால் பக்கமே புரண்டுவிடும். பேனா திரைக்கு அருகில் இருக்கும்போது உள்ளங்கையைப் பொருட்படுத்தாமல் விடும் ஏற்பாடு நல்ல கருவிகளில் இருக்கிறது. விரல் பட்டால் கோடு விழாமல், பேனா பட்டால் மட்டும் விழும்படியும் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் கருவிப்பட்டையை இட ஓரத்தில் நிறுத்தியிருந்த ஒரு செயலியில் என் மணிக்கட்டு மூன்று முறை அழிப்பானைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பட்டையை வலப்புறத்துக்கு நகர்த்த முடியுமா என்று கேட்டதற்கு, இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் விற்பனையாளர்.

இன்னொன்று, கண்ணாடி. விலை குறைந்த ஐபேடில் மேல் கண்ணாடிக்கும் படம் தெரியும் அடுக்குக்கும் இடையே மெல்லிய காற்றிடைவெளி இருக்கிறது. ஐபேட் ஏரில் இரண்டையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் வேறுபாடு தெரிவதில்லை. சாய்வாகப் பார்க்கும்போது முதலாவதில் பேனாவின் முனை ஓரிடத்திலும் கோடு மயிரிழை தள்ளி இன்னோரிடத்திலும் விழுவதுபோல் தோன்றுகிறது. கணக்குப் போடுகிறவருக்கு அது பொருட்டில்லை. இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு ‘க்’ சேர்க்க வேண்டியவளுக்கு அந்த மயிரிழைதான் எல்லாம்.

ஜூன் 8, ஞாயிறு

460, 477, 571, 616. நான்கு கருவிகளின் எடை, கிராம் கணக்கில். இந்த நான்கு எண்களோடுதான் படுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

அவள் சொல்லச் சொல்ல நான் மெய்ப்பில் குறித்துக்கொண்டு வருகிறேன். இன்று 14 பக்கங்கள்தாம் முடிந்தன. அங்கே வல்லினம் மிகும் என்றாள். மிகுந்தால் என்ன, மிகாவிட்டால் என்ன என்று என் வாய் சொல்லிவிட்டது. அதன்பிறகு அரை மணி நேரம் அவள் பேசவில்லை. நான் போட்ட ஒற்றின் புள்ளி, மேல்வரியில் இருந்த எழுத்தின் காலடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கம் அமைப்பவர் அதைத் தூசி என்று நினைத்துத் தள்ளிவிடுவார் என்றாள், கோபம் இல்லாமல்.

சுண்டு விரலுக்குக் கீழே, உள்ளங்கையின் ஓரத்தில், அவளுக்கு எப்போதும் சிவப்பு மை படிந்திருக்கும். மூன்று வாரங்களாக அந்த இடம் வெளுத்துக் கிடக்கிறது.

ஜூன் 12, வியாழன்

அங்குலக் கணக்கு ஆளை ஏமாற்றுகிறது. திரையின் அளவாக அவர்கள் சொல்வது மூலைவிட்டத்தை. மூலைவிட்டம் ஒன்றாகவே இருந்தாலும், ஒடுங்கி நீண்ட திரையும் அகன்று குட்டையான திரையும் பக்கத்தைக் காட்டும் விதம் வேறு. அளவுகோலும் தாளுமாக உட்கார்ந்து, அவள் தூங்கும் நேரத்தில் கணக்கிட்டேன்.

ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். 11 அங்குல ஐபேட் ஏரின் திரை ஏறக்குறைய 158-க்கு 227. அதில் ஏ4 பக்கம் முழுவதும் தெரிய வேண்டுமானால் 75 விழுக்காட்டு அளவுக்குச் சுருங்கும். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 பிளஸ் 12.4 அங்குலம் என்பதால் எவ்வளவோ பெரிதாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். அது 167-க்கு 267, ஒடுங்கி நீண்டது. பக்கம் 79 விழுக்காடுதான் வருகிறது. 13 அங்குல ஏர் 197-க்கு 263. அதில் 88 விழுக்காடு. ஒன்றரை அங்குலத்துக்கு நான்கு புள்ளிகள், அடுத்த அரை அங்குலத்துக்கு ஒன்பது புள்ளிகள். திரைப்படம் பார்ப்பதற்குச் செய்த வடிவமும் பக்கம் படிப்பதற்குச் செய்த வடிவமும் வேறு வேறு என்று யாராவது பெட்டியின்மேல் எழுதியிருக்கலாம்.

ஆனால் 13 அங்குலம் 616 கிராம்.

ஜூன் 13, வெள்ளி

மைத்துனனிடம் மட்டும் செய்தியைச் சொன்னேன். அக்காவுக்கு விண்டோஸ் இருக்கும் சர்ஃபேஸ் புரோதான் சரி, கணினியில் செய்வதை எல்லாம் அதிலேயே செய்யலாம் என்றான். விசைப்பலகை இல்லாமலே 895 கிராம். பேச்சே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மின்மை (இ-இங்க்) திரையில் மனம் போய்விட்டது. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்புலத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகிறது. கண்ணுக்கு எதிரே விளக்கைப் பிடித்ததுபோல் இருப்பதில்லை. 2022-இல் வந்த கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம், ரீமார்க்கபிள் 2 அதைவிடவும் இலேசு. நேற்று இரவு முழுவதும் இதுதான் என்று முடிவு செய்து, காலையில் எழுந்து அவளுடைய பேனாக் குவளையைப் பார்த்தேன். சிவப்பு, நீலம். அச்சுக்கோத்ததில் நேர்ந்த பிழைக்குச் சிவப்பு. ஆசிரியரோ பதிப்பாசிரியரோ புதிதாக மாற்றுவதற்கு நீலம். பிழை யார் கணக்கில் ஏறும் என்பதை அந்த நிறம்தான் சொல்கிறது. என் பட்டியலில் இருந்த இரண்டு திரைகளும் கறுப்புவெள்ளை.

433 கிராம் என்ற எண்ணை இப்படி அடித்துவிட்டுப் போக வேண்டியிருப்பது எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

இன்று அவள் இடக்கையால் தேநீர்க் குவளையை எடுக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் 18, புதன்

ஆறு நாள்களாகத் தவறான கணக்கைப் போட்டிருக்கிறேன். அலமாரியின் அடியில் இருந்த பழைய மெய்ப்புகளை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவள் திருத்தும் புத்தகப் பக்கம் ஏ4 இல்லை. பெரும்பாலும் ஏ5 அளவு, 148-க்கு 210. அதை ஏ4 தாளின் நடுவில் அச்சிட்டு வாங்குகிறாள். அப்படியானால் 11 அங்குலத் திரையிலேயே பக்கம் முழு அளவில் தெரியும், 460 கிராமோடு கதை முடிந்துவிடும் என்று ஒரு நிமிடம் துள்ளினேன்.

பிறகு தாள்களைப் புரட்டினேன். அவள் எழுத்து ஏறக்குறைய எல்லாமே இட விளிம்பில் இருக்கிறது. வரிக்குள்ளே ஒரு சிறு கோடு, அதன் நேரே விளிம்பில் திருத்தம், சில இடங்களில் ஆசிரியருக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்குக் கீழே அவளே அடித்துவிட்ட இன்னொரு கேள்வி. வல விளிம்பு பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. இடக்கைக்கு அதுதான் வசதி: கை பக்கத்துக்கு வெளியே இருக்கும், படிக்கும் வரியை மறைக்காது. ஒரு பக்கத்தில் எண்ணினேன், 31 குறிகள். தாளில் அவளுக்குக் கிடைக்கும் இட விளிம்பு 31 மில்லிமீட்டர் என்பது தற்செயல்தான் என்றாலும் எழுதி வைக்கத் தோன்றுகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி பக்கம் தெரியுமா என்பது இல்லை. பக்கம் முழு அளவில் இருக்கும்போது அதன் இடப்பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் மிஞ்சும் என்பதுதான். பக்கத்தை வல ஓரத்துக்குத் தள்ளினால், 11 அங்குலத்தில் 10 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது, அதில் ஒரு சொல்கூட நிற்காது. 12.4 அங்குலத்தில் 19. 13 அங்குலத்தில் 49. பக்கத்தைப் பெரிய தாளின் வலப்புறம் ஒதுக்கி அனுப்பும்படி வடிவமைப்பவரிடம் சொல்லிவிட்டால் போதும். அவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

திரும்பவும் 616-க்கே வந்து நிற்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

30-ஆம் தேதி பிரிப்பது உறுதியில்லை என்கிறார்கள். கட்டை விரலை மடக்கச் சொன்னபோது அவள் முகம் மாறியதை நானும் பார்த்தேன், மருத்துவரும் பார்த்தார். வரும் வழியெல்லாம் அவள் சன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். இன்று டேப்லெட்டைப் பற்றி எதுவும் படிக்கவில்லை.

ஜூன் 21, சனி

இன்று கோப்புகளைப் பற்றிய கவலை. பிடிஎஃப் கோப்பில் குறிப்புகள் பக்கத்தின்மேல் தனி அடுக்காக நிற்கின்றன. அடித்தல், இடைச்செருகல், கையால் வரைந்த கோடு ஒவ்வொன்றும் தனி வகை. சில செயலிகள் கோப்பை அனுப்பும்போது இவை எல்லாவற்றையும் பக்கத்தோடு சேர்த்துச் சமப்படுத்திவிடுகின்றன. அப்படிச் செய்தால் வடிவமைப்பவருக்குக் குறிப்புகளின் பட்டியல் கிடைக்காது. 400 பக்கங்களையும் கண்ணால் துழாவ வேண்டும். எந்தச் செயலியானாலும் முதலில் இரண்டு பக்கங்களைத் திருத்தி, மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைத்த கோப்புகள் இன்னும் அவளுக்கு வருகின்றன. பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பை. ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. அதற்கு எந்தக் கருவியும் மருந்தில்லை. பேனாவால் குறிப்பதற்கு அது தடையாகவும் இராது.

ஜூன் 24, செவ்வாய்

பேனா. சாம்சங் பேனா பெட்டியிலேயே வருகிறது; எழுதுவதற்கு அதற்கு மின்கலமே வேண்டாம். திரைக்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் வலை மின்காந்த அலையை அனுப்ப, பேனாவில் இருக்கும் சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. கைப்பேசிக்கு மின்னேற்றவே மறக்கிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்று மாலை ஒரு மணி நேரம் 12.4 அங்குலத்தின் பக்கமே சாய்ந்திருந்தேன். 19 மில்லிமீட்டர் என்ற எண் வந்து குறுக்கே நின்றது.

ஆப்பிள் பேனாவைத் தனியாக வாங்க வேண்டும். யுஎஸ்பி-சி பேனாவில் அழுத்தத்தை உணரும் வசதி இல்லை. ஓவியருக்கு அது குறை, மெய்ப்புக்கு அப்படியொன்றும் தேவையில்லை. ஆனால் அதைக் கம்பி செருகித்தான் மின்னேற்ற முடியும். பென்சில் புரோ என்ற இன்னொரு பேனா, கருவியின் ஓரத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு தானே ஏற்றிக்கொள்கிறது. கருவியைத் தலைகீழாகத் திருப்பினால் அந்த ஓரம் இடப்பக்கம் வந்துவிடும், திரையும் கூடவே திரும்பிக்கொள்ளும். அதுதான் என்று எழுந்தேன். மெல்லிய பேனாவை இறுக்கிப் பிடிப்பதுதான் அந்தக் கட்டை விரலுக்கு ஆகாது, தடித்த உறை போடுங்கள் என்று மருத்துவர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. தடித்த உறையைப் போட்டால் பேனா காந்தத்தில் ஒட்டாது. கழற்றி மாட்டுவதும் கட்டை விரலின் வேலைதான்.

ஜூன் 25, புதன்

இவ்வளவையும் அவளிடம் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இரவு கேட்கவும் வாயெடுத்தேன். எங்கே உட்கார்ந்து வேலை செய்வது உனக்கு வசதி என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டேன். இனி மேசை வேண்டாம், சாய்வு நாற்காலியில் மடியில் வைத்துப் பார்க்கப் போகிறேன் என்றாள். நான் இத்தனை நாளும் மேசையில் ஒரு சாய்பலகையைக் கற்பனை செய்துவைத்திருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

13 அங்குலத்தையே வாங்கிவிட்டேன். பென்சில் புரோவும் அதன் பக்கத்தில் ஒரு தடித்த உறையும். நினைவகத்தைக் கூட்டச் சொன்னார்கள். அவள் கோப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் 128 ஜிபியில் ஒரு மூலை நிறையாது என்று மறுத்தேன். சிம் போடும் வகையும் வேண்டாம் என்றேன்.

அவள் குளிக்கும்போது பெட்டியைத் திறந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, இடக்கையில் பிடித்துப் பார்த்தேன். ஆறு நிமிடத்தில் என் மணிக்கட்டு தளர்ந்தது. மடியில் தலையணை வைத்து அதன்மேல் சாய்த்தபோது கை தேவைப்படவில்லை. தலையணையைத் தானாக எடுத்து வைத்துக்கொள்வாளா, நான் சொன்னால் முகம் சுளிப்பாளா என்று தெரியவில்லை.

பேனாவால் ஒரு பக்கத்தில் ‘க்’ போட்டேன். புள்ளி உரிய இடத்தில் விழுந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இதில் எழுதினால் கையில் மை ஒட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜூன் 29, ஞாயிறு

நாளை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரிப்பார்களா என்று இன்னும் சொல்லவில்லை. பெட்டி குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவில் இருக்கிறது. பேனா முழுதாக ஏறியிருக்கிறது, உறை மாட்டவில்லை.