கடைசி இழுப்பு குழந்தைக்கு

பெருமூளை வாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவும் தசை இறுக்கமும் மாறும் நிலை) உள்ள குழந்தையின் கோப்பில் 1 முதல் 5 வரை ஒரு நிலை எண் இருக்கும். உட்காருவது, நகருவது, நடப்பது ஆகியவற்றை வைத்து வகைப்படுத்தும் இந்த முறை 1997இல் வந்தது. குளிப்பதில், உண்பதில், உடுத்துவதில் குழந்தையின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே நிலையிலுள்ள இருவரில் ஒருவர் தானே காலுறையைக் கழற்றுவார். இன்னொருவருக்கு எல்லாமே பெரியவர் கையால்தான் நடக்கும். பல வீடுகளில் இதற்குக் காரணம் காலை நேர அவசரம்.

அதனால் பெற்றோரிடம் சிகிச்சையாளர்களான நாங்கள் முதலில் கேட்பது, எந்த வேளையில் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் என்றுதான். பள்ளிக்குக் கிளம்பும்போது சட்டை போடப் பழக்க முடியாது. மாலையில் உடை மாற்றும்போது முடியும். போடுவதைவிடக் கழற்றுவது எளிது. அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு கை இறுகியிருந்தால், போடும்போது அந்தக் கை முதலில், கழற்றும்போது கடைசியில். விரல்களைப் பிடித்து இழுத்தால் முழங்கை இன்னும் மடங்கிக்கொள்ளும். கையை மெதுவாக நீட்டிய பிறகே சட்டைக்குள் விட வேண்டும். மல்லாக்கப் படுத்தால் பல குழந்தைகளுக்கு உடல் விறைத்துப் பின்னோக்கி வளையும். ஒருக்களித்துப் படுக்கவைத்தால், அல்லது மடியில் சற்று முன்சாய்த்து உட்காரவைத்தால், பாதிச் சண்டை குறையும். காலுறைக்கு முன் இடுப்பையும் முழங்காலையும் மடக்கிக்கொள்ளுங்கள்.

கால்சட்டையைத் தலைகீழ் வரிசையில் பழக்குகிறோம். தொடை வரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு ஏற்றும் கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுகிறோம். அது கைவந்ததும் முழங்காலிலிருந்து. முதல் படியைக் கொடுத்தால் குழந்தை பாதியில் சோர்ந்துவிடும், முடிப்பது நாமாக இருக்கும். கடைசிப் படியில் வேலை அதன் கையிலேயே முடிகிறது.

சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் பெரியவர்களுக்கு வராது, எங்களுக்கும் சேர்த்துத்தான். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இடையில் மறுபடி சொன்னால், தொடங்கிய அசைவை விட்டுவிட்டுக் குழந்தை நம் முகத்தைப் பார்க்கும்.

சாப்பாட்டுக்குப் பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும். கால் தொங்கினால் கையும் நிலைக்காது. மேசை முழங்கை உயரத்தில், தட்டு நேர் நடுவில், அடியில் ஈரத்துணி. தட்டை ஒரு பக்கமாக வைத்தால் தலை திரும்பும். சில குழந்தைகளுக்குத் தலை திரும்பிய பக்கத்துக் கை நீண்டுகொள்ளும், வாய்க்கு வராது. கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கலாம். கடித்துக்கொண்டால் பிடுங்காதீர்கள், தாடை தளரும்வரை பொறுங்கள். அடிக்கடி புரையேறினாலோ, உண்டபின் தொண்டையில் நீர் தேங்கியதுபோல் குரல் ஈரமாகக் கேட்டாலோ, தானே உண்ணும் பயிற்சியை நிறுத்திவிட்டு விழுங்குதலைப் பரிசோதிக்க வேண்டும்.

நகரப் பெரிதும் பிறர் உதவி தேவைப்படும் நிலை 5 குழந்தைக்கும் பங்கு உண்டு: இரண்டு சட்டைகளைத் தோள் அகலம் தள்ளிப் பிடித்து, எது வேண்டும் என்று கேளுங்கள். பார்வை தங்கும் பக்கம் பதில். நெருக்கிப் பிடித்தால் எதைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. கடைசியில் நாமே தேர்ந்தெடுத்துவிடுவோம்.