கேமிங் ரவுட்டர் வாங்கறதுக்கு முன்னாடி லைனைப் பாருங்க – கடலூர்ல நான் அலைஞ்சது

கேமிங் ரவுட்டர் வாங்கப் போறவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்க வீட்டு லைன் சிஜி நேட்ல இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்புங்க. ரவுட்டர் அம்பதாயிரம் ரூபாயா இருந்தாலும் சரி, நெட் கம்பெனிக்காரங்க ஒரே பப்ளிக் ஐபியை (இன்டர்நெட்ல நம்ம வீட்டோட முகவரி) ஊர்ல பாதி வீட்டுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டு இருந்தா, அதுதான் சிஜி நேட், அதை நம்ம வீட்டுப் பெட்டியால மாத்தவே முடியாது. இதைக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க, நெட் ஆபீஸ்லயும் சொல்ல மாட்டாங்க, அதனாலதான் உக்காந்து இதை டைப் பண்றேன்.

வீடு திருப்பாதிரிப்புலியூர்ல. 200 எம்பிபிஎஸ் ஃபைபர். கீழ ஹால்ல என்னோட பிஎஸ்5, மாடி ரூம்ல தம்பி பிசியில வேலரண்ட் ஆடுவான். சாயங்காலம் ஆனா போதும், அக்கா போன்ல இருந்து போட்டோ பேக்கப் ஏற ஆரம்பிக்கும், ஹால்ல டிவி ஓடும், முப்பது மில்லிசெகண்ட்ல நின்னுட்டு இருந்த பிங் (சர்வருக்குப் போய் வர்ற நேரம்) இருநூத்தைத் தாண்டிடும், தம்பி மாடியில இருந்து கத்துவான். எனக்கு வேற கஷ்டம், நெய்வேலில இருக்கற ஃப்ரெண்ட்ஸோட பார்ட்டி சாட்ல சேந்தா ஒருத்தன் குரல் கேக்கும், இன்னொருத்தன் குரல் கேக்காது. பிஎஸ்5 செட்டிங்ஸ்ல நெட்வொர்க் டெஸ்ட் ஓட்டினா நேட் டைப் 3ன்னு காட்டுச்சு, அதாவது மத்தவங்க கன்சோல் வெளிய இருந்து நம்மகிட்ட நேரா வந்து சேர முடியாத நிலை.

வாங்கறதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு விஷயத்தை நீங்களும் செய்யுங்க. கம்பெனி குடுத்த பெட்டியில லேப்டாப்பை நேரா வயர்ல சொருகி பஃபர்ப்ளோட் டெஸ்ட் (லைன்ல லோட் ஏறினா பிங் எவ்ளோ கூடுதுன்னு பாக்கறது) போட்டேன், வேவ்ஃபார்ம் சைட்ல ஃப்ரீயா இருக்கு. வயர்லயும் லோட் ஏறினதும் பிங் எகிறுச்சு. அப்ப சாயங்காலம் வர்ற லேக்குக்கு வைஃபை காரணம் இல்ல, பெட்டிக்குள்ள பாக்கெட் க்யூ கட்டி நிக்குது. மாடியில சிக்னல் வீக்கா இருந்தது தனிக் கதை, அங்க நடுவுல ஒரு கான்கிரீட் தளம் இருக்கு. நேட் டைப் 3 மூணாவது கதை. மூணுக்கும் மூணு வேற மருந்து, ஆனா எந்தக் கடையில கேட்டாலும் மூணுக்கும் ஒரே பதில்தான், "பெரிய ரவுட்டரா போடுங்க சார்".

லாரன்ஸ் ரோடு பக்கம் விசாரிச்சா ரெண்டாயிரம் மூவாயிரம் ரேஞ்ச்தான் கையில இருக்கு, மேல உள்ளதுக்கு ஆர்டர் போடணும்னாங்க. சரின்னு பாண்டிச்சேரி போனேன். அங்க நேரு வீதிப் பக்கத்துல ஒரு கடையில (பேர் வேணாம்) எட்டு ஆன்டெனா வச்ச ஏஎக்ஸ்11000 பெட்டியை எடுத்து வச்சு "11 ஜிபி ஸ்பீடு தம்பி"ன்னாரு. இந்த நம்பர் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1148, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரெண்டுல தலா 4804, எல்லாத்தையும் கூட்டினா 11000-க்குப் பக்கத்துல வரும். எந்த ஒரு போனும் லேப்டாப்பும் மூணு பேண்ட்லயும் ஒரே நேரத்துல ஒட்டிக்கிட்டு அந்த வேகத்தை எடுக்கப் போறதில்ல. நம்ம கையில இருக்கறதெல்லாம் பெரும்பாலும் ரெண்டு ஆன்டெனா சாதனம், 80 மெகாஹெர்ட்ஸ்ல அதிகபட்சம் 1200 எம்பிபிஎஸ் லிங்க்தான், அதுவும் பேப்பர்ல. லைனே 200 தான்.

அது கூடப் பரவாயில்ல. பெட்டியைத் திருப்பிப் பாத்தா அமெரிக்கா பீஸ், இந்திய இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்ல, எம்ஆர்பி இல்ல. சீரியல் நம்பர் குடுங்கண்ணே, கம்பெனி சைட்ல வாரண்டி செக் பண்ணிக்கறேன்னு கேட்டேன். "பில் இல்லாம எடுத்துக்கோ தம்பி, 18 பர்சன்ட் மிச்சம், வாரண்டி நான் பாத்துக்கறேன்"ன்னாரு. பெட்டியைத் தொடவே விடல. இங்க விக்கற வயர்லெஸ் சாதனத்துக்கெல்லாம் டபிள்யூபிசி (மத்திய அரசோட அலைவரிசைப் பிரிவு) கிட்ட ஈடிஏங்கற அனுமதி வேணும், வெளிநாட்டு பீஸ்ல சேனல் செட்டிங்கும் அந்த நாட்டுக்குத் தக்கபடி பூட்டியிருக்கும், ரிப்பேர்னா இந்திய சர்வீஸ் சென்டர் கையில வாங்க மாட்டாங்க. இதையெல்லாம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை சந்தைக் கூட்டத்துல வண்டியை ஓட்டிட்டு வெறுங்கையோட கடலூர் திரும்பினேன். ஒரு நாள் போச்சு, ஆனா காசு போகல.

இன்னொண்ணு, அப்ப சில கடையில வைஃபை 6ஈ, வைஃபை 7ன்னு தள்ளிவிட்டுட்டு இருந்தாங்க. நான் வாங்கினது 2024 அக்டோபர். அந்த நேரத்துல இந்தியாவுல 6 கிகாஹெர்ட்ஸ் பேண்ட் வைஃபைக்குத் திறந்தே விடல, 5925-ல இருந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் திறக்கலாம்னு வரைவு விதி வந்ததே 2025 மே மாசம்தான். அப்ப உபயோகிக்க முடியாத ஒரு பேண்டுக்கு நான் பத்தாயிரம் கூடக் குடுக்கணுமா?

கடைசியா ஆன்லைன்ல, ஜிஎஸ்டி பில்லோட, ஆசுஸ் ஆர்டி-ஏஎக்ஸ்86யூ எடுத்தேன். வந்த அன்னிக்கே சீரியல் நம்பர் போட்டுப் பாத்தேன், இந்திய வாரண்டி காட்டுச்சு. மெர்லின்னு வெளியாள் மாத்தி எழுதின ஃபர்ம்வேரை (ரவுட்டரோட சாஃப்ட்வேர்) இதுல ஏத்த முடியும், அதுல பாக்கெட் க்யூவை ஒழுங்குபடுத்தற கேக் க்யூஓஎஸ் இருக்கு, இது ஒண்ணுக்காகத்தான் இந்த மாடல். கேமிங் போர்ட், கேம் மோட், லைட்டு இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்ல.

இனிமேதான் நிஜமான அலைச்சல்.

ரவுட்டரை கம்பெனி பெட்டிக்குப் பின்னாடி மாட்டினா டபுள் நேட் ஆயிடும், அதாவது ஐபியை மாத்தற வேலையை ரெண்டு பெட்டியும் செய்யும். நம்ம ரவுட்டரோட வான் ஐபி (நெட் உள்ள வர்ற பக்கத்து ஐபி) 192.168-ன்னு ஆரம்பிச்சா டபுள் நேட்னு அர்த்தம். அதனால அவங்க பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தணும், லைனை அப்படியே நம்ம ரவுட்டருக்குக் கடத்தி விடற மாதிரி. ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். கவுண்டர்ல இருந்தவர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டே "பிரிட்ஜ் மோடுன்னு எங்ககிட்ட பிளானே இல்ல சார்"ன்னாரு. அது பிளான் இல்லீங்க, செட்டிங்னு சொன்னேன். டிக்கெட் போடுங்கன்னாரு. டிக்கெட் போட்டா மறுநாளே "வாடிக்கையாளர் பிரச்சனை தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ், யாரும் வீட்டுக்கு வரவும் இல்ல, போன் பண்ணவும் இல்ல. திரும்பப் போனா புதுசா ஒரு விஷயம், கனெக்‌ஷன் அப்பா பேர்ல இருக்கு, அவர் நேர்ல வந்தாதான் பேசுவோம். அப்பா நெய்வேலில ஷிப்ட்ல இருக்காரு, லீவு எடுத்துட்டு வந்தாரு. வந்தா அன்னிக்கு "சம்பந்தப்பட்டவர் ஃபீல்டுக்குப் போயிட்டாரு". அறுபது வயசை நெருங்கற மனுஷன், பஸ்ல வந்து பிளாஸ்டிக் சேர்ல ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுத் திரும்பிப் போனாரு. அது இன்னும் எனக்கு ஆறல.

அங்கேயே ஒரு லெட்டர் எழுதி, "என் சார்பில் என் மகன்"னு அப்பா கையெழுத்து வாங்கி, அவர் ஆதார் காப்பில "இணைய இணைப்பு மாற்றத்துக்கு மட்டும்"னு குறுக்க எழுதி, ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டேன். யாராவது இந்த வேலைக்குப் போறீங்கன்னா இதை முதல் தடவையே எடுத்துட்டுப் போங்க, கூடவே கடைசி மாச பில்லும்.

கடைசியில வேலையை முடிச்சுக் குடுத்தது லைன் பாக்கற அண்ணன்தான். பக்கத்துத் தெருவுல ஃபைபர் ஒட்டிட்டு இருந்தாரு, நேரா போய்க் கேட்டேன். "அட, இதுக்கா தம்பி இவ்ளோ அலைஞ்ச, கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு அது தெரியாது"ன்னு சொல்லி வீட்டுக்கே வந்து மாத்திட்டாரு. மாத்தினதும் நெட் ஏறல. நெட்டுக்கு லாகின் ஆகற பிபிபிஓஈ யூசர்நேம் பாஸ்வேர்டு சரியா போட்டும் டயல் ஆகல. அவர்தான் ஞாபகமா விலான் ஐடியை (ஒரே லைன்ல நெட்டைத் தனியா பிரிக்க கம்பெனி வச்சிருக்கற நம்பர்) சொன்னாரு. ஆசுஸ்ல அது வான் பக்கத்துல இருக்காது, லான் மெனுவுக்குள்ள ஐபிடிவின்னு ஒரு டேப், அதுல மேனுவல் செட்டிங் எடுத்து இன்டர்நெட் விலான்ல அந்த நம்பரைப் போடணும். போட்ட உடனே லைன் ஏறுச்சு. ஆள் கிளம்பறதுக்கு முன்னாடி யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் ஐடி மூணையும் எழுதி வாங்கிடுங்க, பின்னாடி ரீசெட் பண்ண வேண்டி வந்தா தவிக்க வேணாம்.

ஏறினதும் வான் ஐபியைப் பாத்தேன், 100.72-ன்னு ஆரம்பிச்சுது. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் எது வந்தாலும் அது சிஜி நேட்டுக்குன்னே 2012-ல ஒதுக்கின ஐபி. போர்ட் ஃபார்வேர்டு, யூபிஎன்பின்னு வெளிய இருந்து உள்ள வர வழி திறக்கற எதுவும் வேலை செய்யாது. மறுபடியும் அதே ஆபீஸ், இந்தத் தடவை ஸ்டாட்டிக் ஐபி (நமக்கு மட்டுமேயான மாறாத பப்ளிக் ஐபி) வேணும்னு. வருஷத்துக்குத் தனிக் காசு, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. "வீட்டு லைனுக்கு எதுக்கு சார், ஆபீஸ் வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. லெட்டரையும் ஆதாரையும் பில்லையும் ஒண்ணா எடுத்து வச்சேன், மறுக்க ஒண்ணும் இல்ல அவர்கிட்ட. ரெண்டு நாள்ல ஐபி வந்துச்சு. பிஎஸ்5 டெஸ்ட்ல நேட் டைப் 2ன்னு பாத்தப்ப அப்பாவுக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன். நெய்வேலிப் பசங்க எல்லார் குரலும் அன்னிக்கு ராத்திரி தெளிவா கேட்டுச்சு.

மெர்லின் போட்டு கேக் ஆன் பண்றது பத்து நிமிஷ வேலை. டவுன்லோடு, அப்லோடு ரெண்டையும் 200-க்குப் பதிலா 180-ன்னு கட்டிப் போட்டேன், கொஞ்சம் வேகத்தை விட்டுக் குடுத்தாதான் க்யூ கம்பெனி பக்கம் போகாம நம்ம ரவுட்டர் கையில இருக்கும். இப்ப அக்கா போட்டோ ஏத்தினாலும் பிங் நாலஞ்சு கூடுது, அவ்ளோதான். கிகாபிட் லைன் வச்சிருக்கவங்க ஜாக்கிரதை, கேக் முழுக்க சிபியுல ஓடறதால ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் அணைஞ்சுடும், மொத்த வேகம் நல்லாவே குறையும். இன்னொண்ணையும் சொல்லணும், சும்மா இருக்கறப்ப காட்டற பிங்கை எந்த ரவுட்டராலயும் குறைக்க முடியாது. வேலரண்ட் சர்வர் மும்பைல இருக்கு, கடலூர்ல இருந்து நேர்க்கோட்டுலயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல, ஃபைபர்ல ஒளி மில்லிசெகண்டுக்கு சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும், போய் வரவே பத்துப் பதினோரு மில்லிசெகண்ட் ஆயிடும், கேபிள் நேரா வேற போகாது. "பிங்கைப் பாதியா குறைக்கும்"னு பெட்டியில போட்டிருந்தா நம்பாதீங்க.

மாடிக்கு வைஃபையை நம்பல, கேட்6 நெட்வொர்க் வயர் இழுத்துட்டோம். சிசிடிவி போடறவங்க கையில இருக்கற மலிவு ரோல் நிறைய அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது, பெட்டியில சிசிஏன்னு பொடியா போட்டிருக்கும். நுனியைக் கத்தியால சுரண்டினா உள்ள வெள்ளையா தெரியும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்க. போனுங்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ்ல 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் வச்சுப் பாத்தேன், அது சேனல் 36-ல இருந்து 64 வரைக்கும் பிடிக்கும், அதுல 52-ல இருந்து 64 வரைக்கும் ரேடாருக்கு வழி விட வேண்டிய இடம், ரவுட்டருக்கு ரேடார்னு சந்தேகம் வந்தா சேனலை விட்டுட்டு ஓடிடும். 80-ல, சேனல் 149-ல வச்சதுல இருந்து அறுபடறதே இல்ல.

மாட்டி ஒரு மாசத்துலயே, நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்துச்சு, கடலூர்லயும் கரண்ட் போச்சு. அப்பதான் வீட்டுல இருந்த மினி யூபிஎஸ்ஸை எடுத்தா அது 12 வோல்ட், இந்த ரவுட்டருக்கு 19 வோல்ட் அடாப்டர். பெரிய ரவுட்டர் சிலதுல 12 வோல்ட்டே இருந்தாலும் 4, 5 ஆம்பியர் கேக்கும், ரெண்டாயிரம் ரூபா மினி யூபிஎஸ் அதைத் தாங்காது. வாங்கறதுக்கு முன்னாடி அடாப்டர்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துக்கோங்க. நாங்க இப்ப ஃபைபர் பெட்டியை மட்டும் மினி யூபிஎஸ்ல விட்டுட்டு ரவுட்டரை இன்வெர்ட்டர் லைன்ல மாட்டியிருக்கோம், எலக்ட்ரீஷியன் ஒரு பாயின்ட் இழுத்துக் குடுத்தாரு, இருநூறு ரூபா வாங்கினாரு.