குக்கர் ஆவியில் நிமிர்ந்த கவ்பாய் தொப்பி

ஹூஸ்டனில் காளை, குதிரைச் சவாரிப் போட்டிகள் நடக்கும் மார்ச் மாத ரோடியோ வந்துவிட்டால் ஊரே கவ்பாய் தொப்பியோடு திரியும். ஆறு வருஷம் வேடிக்கை மட்டும் பார்த்தவன், ஏழாவது வருஷம் ஆசை தாங்காமல் 240 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினேன். முயல் ரோமத்தை அழுத்திச் செய்த கெட்டித் துணி, அதாவது ஃபெல்ட். வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. அந்த நிறத்துக்கு 'சில்வர்பெல்லி' என்று பெயர். இரண்டே மாதத்தில் அதைக் கெடுத்துவிட்டேன்.

ஒருநாள் மழையில் நன்றாக நனைந்தது. வீட்டுக்கு வந்ததும் ஹேர் டிரையரை எடுத்துச் சூடாக ஊதினேன். அது முதல் தப்பு. பிறகு காரில் பின்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு வாரம் மறந்துபோனேன். அது இரண்டாவது. எடுத்துப் போட்டால் தலையில் இறங்கவே இல்லை. முன்விளிம்பு தொங்கிவிட்டது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ரிப்பனுக்கு மேலே கறுப்பாக ஒரு கறை வேறு. மழைக்கறை என்று நினைத்தேன்.

தொப்பிக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே இருந்த தோல் பட்டையைத்தான் விரலால் தடவினார். சூட்டில் அந்தத் தோல் சுருங்கி, கூடவே ஃபெல்ட்டையும் இழுத்துவிடுமாம். பிறகு கறையை மோந்து பார்த்துவிட்டு, "தலைக்கு என்ன தடவுவீர்கள்?" என்றார். தேங்காய் எண்ணெய் என்றேன். தோல் பட்டையைத் தாண்டி எண்ணெய் ஊறியிருக்கிறது! அம்மா கேட்டிருந்தால் எண்ணெயை விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள்.

7¼ சைஸ் தொப்பி ஒரு சைஸ் குறைந்திருந்தது. சுற்றளவில் அது ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் அரை மணி நேரத்தில் தலைவலி வர அதுவே போதும். பட்டையை வெளியே திருப்பி ஆவி காட்டி, தொப்பியை உள்ளிருந்து விரிக்கும் மர ஸ்ட்ரெச்சரை வைத்துக் கொஞ்சம் திருகுவார், நிறுத்துவார், மறுபடி திருகுவார். அவசரப்பட்டால் காய்ந்த தோல் கிழிந்துவிடும் என்றார். ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் கொடுத்தார். விளிம்பை மட்டும், "இதை நீங்களே செய்து பழகுங்கள், கெட்டில் ஆவி போதும்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் கெட்டில் இல்லை. இட்லிப் பானையைத் திறந்து அதன் மேல் காட்டினேன். ஆவி அகலமாக வந்து தொப்பி முழுவதையும் நனைத்து, உச்சியில் இருந்த மடிப்பும் விட்டுப்போய்விட்டது. அப்போதுதான் குக்கர் ஞாபகம் வந்தது. தண்ணீர் மட்டும் ஊற்றி, வெயிட் போடாமல் வைத்தால் மூக்கு வழியே ஒல்லியாக ஆவி வரும். அதில் விளிம்பை ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். அரை நிமிஷத்தில் அனலில் வாட்டிய வாழையிலை மாதிரி ஃபெல்ட் துவண்டது. எந்த வளைவு வேண்டுமோ அந்த வளைவில் கையால் பிடித்துக்கொண்டு, ஆறும்வரை விடக் கூடாது. ஃபெல்ட் விறைப்பாக நிற்கப் பெரும்பாலும் ஷெல்லாக் ஏற்றுவார்கள். நம்ம ஊர் அரக்குதான். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இது புரிந்த பிறகு பயம் போய்விட்டது. உச்சி மடிப்பையும் அப்படியே விரலால் அழுத்தி மீட்டேன். மொத்தம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

கறைக்குச் சோள மாவு. தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மெல்லிய பிரஷ்ஷால் இடஞ்சுழியாகத் தேய்க்க வேண்டும். ரோமம் படிந்திருக்கும் திசை அது. மூன்று முறை செய்தேன்.

இப்போதெல்லாம் நனைந்தால் உதறிவிட்டு, தோல் பட்டையை வெளியே திருப்பி, அந்தப் பட்டையின் மேலேயே நிற்க வைத்துத் தானாகக் காயவிடுகிறேன். காய்ந்த தொப்பியைக் கவிழ்த்து வைப்பதில்லை, உச்சி கீழே இருக்கும்படி மல்லாத்தித்தான் வைப்பேன். இல்லையென்றால் விளிம்பு தட்டையாகிவிடும். உச்சியைக் கிள்ளித் தூக்குவதும் இல்லை. மே கடைசியில் ஃபெல்ட் பெட்டிக்குள் போய்விடும், செப்டம்பர்வரை வைக்கோல் தொப்பிதான். டெக்சாஸில் பலருக்கும் அதுதான் வழக்கம். எண்ணெய்க் குளியல் அன்று எந்தத் தொப்பியும் கிடையாது.

கறை முழுதாகப் போகவில்லை, சாய்வான வெளிச்சத்தில் தெரியும். கொஞ்சம் அகலமான ரிப்பனாகப் போட்டுத் தரமுடியுமா என்று பெரியவரிடம் கேட்டிருக்கிறேன்.